ஜெயிக்க வழி உண்டு என்று நிரூபிப்பதும் அந்த வழியை எழுதிக் காட்டுவதும்: ஆட்ட உத்தியும் தர்க்கமும்

நாற்கோணம் (இழையைத் தொடங்கியவர்)

சதுரங்க இழையில் "சதுரங்கத்தில் இருவரில் ஒருவருக்கு ஜெயிக்கும் வழி உண்டு, இல்லையென்றால் இருவராலும் டிரா வாங்க முடியும்; இதைக் கணிதவியலாளர் செர்மெலோ 1913லேயே நிரூபித்துவிட்டார்" என்று ஒருவர் சொன்னார். "அப்படியானால் அந்த வழியைக் காட்டுங்கள்" என்று இன்னொருவர் கேட்டார். பேச்சு அதோடு நின்றுபோனது. கேட்டவரின் கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டுமானால் தர்க்கத்துக்குள் கொஞ்சம் ஆழமாகவே இறங்க வேண்டும், அதனால்தான் தனி இழை.

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் மாறி மாறி ஆடுகிறார்கள். எதுவும் மறைவில்லை. என்றாவது முடிந்தே தீரும், டிரா கிடையாது. "முதலில் ஆடுகிற எனக்கு ஜெயிக்கும் வழி உண்டு" என்பதை இப்படி எழுதலாம்:

உண்டு ந1 · எல்லா எ1 · உண்டு ந2 · எல்லா எ2 · … · நான் ஜெயித்தேன்

நான் ஆட ஒரு நகர்வு ந1 உண்டு. அதற்கு எதிராளி எதை ஆடினாலும் எனக்கு ஒரு ந2 உண்டு. இப்படியே கடைசி வரை. இப்போது இந்த வாக்கியத்தை மறுத்துப் பாருங்கள். "உண்டு" வந்த இடமெல்லாம் "எல்லா" ஆகிறது, "எல்லா" வந்த இடமெல்லாம் "உண்டு" ஆகிறது:

எல்லா ந1 · உண்டு எ1 · எல்லா ந2 · உண்டு எ2 · … · நான் ஜெயிக்கவில்லை

இது எதிராளிக்கு ஜெயிக்கும் வழி உண்டு என்ற வாக்கியம். ஒரு வாக்கியம், அதன் மறுப்பு, இரண்டில் ஒன்று உண்மையாக இருந்தே ஆக வேண்டும். ஆகவே இருவரில் ஒருவருக்கு வழி இருந்தே தீரும். டிராவையும் கணக்கில் சேர்த்தால் சதுரங்கத்துக்கு மூன்று வாய்ப்புகள் வருகின்றன: வெள்ளைக்கு வெற்றி, கறுப்புக்கு வெற்றி, இருவராலும் டிரா வாங்க முடியும். நிரூபணம் அவ்வளவுதான்.

இந்த வாக்கியத்தில் நகர்வுகளுக்குப் பெயர் இருக்கிறது. உத்திக்குப் பெயர் இல்லை. "உண்டு", "எல்லா" இரண்டும் மாறி மாறி வருகிற வரிசைக்குள் அது புதைந்து கிடக்கிறது. அதனால்தான் உத்தி இருப்பதை நிரூபித்தவரிடமே அது இல்லாமல் போகிறது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சாம்ப். கட்டம் போட்ட சாக்லேட் பலகை. ஒரு கட்டத்தைத் தொட்டால் அதையும், அதற்கு வலப்பக்கமும் மேலேயும் உள்ள எல்லாவற்றையும் தின்றுவிட வேண்டும். இடது கீழ் மூலையில் விஷம், அதைத் தின்றவர் தோற்றார். ஒற்றைக் கட்டப் பலகையைத் தவிர மற்ற எல்லாச் செவ்வகப் பலகையிலும் முதலில் ஆடுபவருக்கு ஜெயிக்கும் வழி உண்டு. காரணம்: நான் வலது மேல் மூலையில் உள்ள ஒரே கட்டத்தை மட்டும் தின்கிறேன் என்று வையுங்கள். அது ஜெயிக்கிற நகர்வாக இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் எதிராளியிடம் அதற்கு ஒரு வெற்றிப் பதில் இருக்க வேண்டும். ஆனால் அவர் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அந்த மூலைக் கட்டமும் சேர்ந்தே போயிருக்கும். எனவே அந்தப் பதிலை நானே முதல் நகர்வாக ஆடியிருக்கலாம். எதிராளியின் உத்தியைத் திருடிவிட்டேன்! அப்படியும் நான் எந்தக் கட்டத்தைத் தொட வேண்டும் என்று இந்த வாதம் சொல்லவில்லை. எல்லாச் செவ்வகத்துக்கும் பொதுவான சூத்திரம் இன்றுவரை யாரிடமும் இல்லை. அறுகோணக் கட்டப் பலகையில் ஆடும் ஹெக்ஸ் ஆட்டத்துக்கும் கணிதவியலாளர் ஜான் நாஷ் இதே திருட்டு வாதத்தைத்தான் சொன்னார்.

என் கட்சி இதுதான். ஆட்டத்தைப் பற்றித் தர்க்கத்தில் பேச "உத்தி உண்டு" என்ற சொல் மட்டும் போதாது. உத்தியையே ஒரு பொருளாக வாக்கியத்துக்குள் கொண்டுவர வேண்டும். அதற்குப் பெயர் வைக்கவும், இன்னொன்றோடு சேர்க்கவும், சேருமா என்று சோதிக்கவும், யாருக்கு அது தெரியும் என்று கேட்கவும் முடிய வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

சதுரங்கப்பித்தன்

அந்த இழையில் கேள்வி கேட்டவன் நான்தான். சாம்ப் வாதம் புரிந்தது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஆடுகிறவனுக்கு அதனால் என்ன பலன்? பலகை முன்னால் உட்கார்ந்தால் "உனக்கு வழி உண்டு" என்ற செய்தியை வைத்துக்கொண்டு ஒரு காயைக்கூட நகர்த்த முடியாது. வழி கையில் இருக்கிற ஆட்டம், அதைத் தர்க்கமும் சரி என்று ஒப்புக்கொண்ட ஆட்டம், அப்படி ஒன்று காட்டுங்கள். பிறகு பேசலாம்.

மென்பொருள்காரி

நிம் இருக்கிறதே. சார்ல்ஸ் பூட்டன் 1901ல் முழுசாக முடித்துவிட்டார்.

சில குவியல்களாகக் கற்கள். உங்கள் முறையில் ஏதாவது ஒரு குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசிக் கல்லை எடுப்பவர் ஜெயித்தார். குவியல் அளவுகளை இரும எண்ணாக எழுதி, கேரி இல்லாமல், அதாவது 1ம் 1ம் சேர்ந்தால் 0, அடுத்த இடத்துக்கு எதுவும் போகாது என்று, கூட்ட வேண்டும் (எக்ஸ்ஆர்). விடை பூஜ்யம் இல்லையென்றால் ஆட வேண்டியவருக்கு வெற்றி. 3, 4, 5 என்று மூன்று குவியல் இருந்தால்:

011
100
101
விடை 010

பூஜ்யம் இல்லை. 3ஐ 1 ஆக்கினால், அதாவது இரண்டு கல் எடுத்தால், விடை 000. மற்ற இரண்டு குவியலில் எதைத் தொட்டாலும் 000 வராது. ஆகவே இந்த நிலையில் ஜெயிக்கிற நகர்வு இது ஒன்றுதான்.

நிரூபணத்துக்கு இரண்டே வாக்கியம் போதும். விடை பூஜ்யமாக உள்ள நிலையிலிருந்து எப்படி ஆடினாலும் பூஜ்யம் கெடும். பூஜ்யம் இல்லாத நிலையிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் நகர்வு ஒன்று உண்டு. கற்கள் குறைந்துகொண்டே போவதால் ஆட்டம் முடியும், எல்லாம் காலியான நிலையின் விடை பூஜ்யம், அதை உண்டாக்குவது நான்தான்.

நிரலெழுதுபவர்கள் இதை அடையாளம் கண்டுகொள்வார்கள். லூப் இன்வேரியன்ட் (ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மாறாமல் நிற்கும் உண்மை) போட்டு ஒரு நிரல் சரி என்று நிரூபிக்கிற அதே வேலை. உள்ளே ஒரு எதிராளி இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். "எல்லா எ" என்று வரும் இடத்தில் இன்வேரியன்ட் தானாகவே கெடும், "உண்டு ந" வரும் இடத்தில் நான் அதைச் சரிசெய்கிறேன். உத்தியை இங்கே ஒரு வரியில் எழுதலாம்: "விடையைப் பூஜ்யமாக்கு." நாற்கோணம் கேட்கும் பெயர் வைத்த உத்தி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏழாம்கட்டம்

நிம் மிகச் சுத்தமான ஆட்டம். ஒரே சூத்திரத்தில் அடங்கிவிடுகிறது. உத்திகளைச் சேர்ப்பது, மோதவிடுவது எல்லாம் அதில் தெரியாது. அதற்கு கனெக்ட் ஃபோரைப் பாருங்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

7 நெடுவரிசை, 6 படுக்கைவரிசை. வில்லையை மேலிருந்து போட்டால் அந்த நெடுவரிசையில் காலியாக உள்ள அடிக் கட்டத்தில் போய் உட்காரும். படுக்கையாகவோ நெடுகவோ சாய்வாகவோ நான்கை வரிசையாகச் சேர்த்தவர் ஜெயித்தார். இந்த ஆட்டத்தை 1988 அக்டோபரில் ஜேம்ஸ் ஆலன், விக்டர் ஆலிஸ் இருவரும் தனித்தனியே, சில நாள் இடைவெளியில் தீர்த்தார்கள். முதலில் ஆடுபவர் நடு நெடுவரிசையில் தொடங்கினால் ஜெயிக்கலாம். நடுவுக்குப் பக்கத்தில் தொடங்கினால் டிரா. ஓரத்து நான்கில் தொடங்கினால் இரண்டாமவர் ஜெயிக்கலாம்.

ஆலிஸ் செய்த விதம்தான் நம் விஷயத்துக்கு முக்கியம். வெறுமனே எல்லா நிலையையும் தேடிப் போகாமல் ஒன்பது விதிகளை எழுதினார். ஒவ்வொரு விதியும் ஒரு குட்டி உத்தி. அதைப் பின்பற்றினால் எதிராளியின் எந்தெந்த நால்வரிசைகள் கண்டிப்பாக அடைபடும் என்பதற்கு நிரூபணமும் கூடவே உண்டு.

முதல் விதிக்கு கிளெய்ம்ஈவன் என்று பெயர். இரண்டாமவருக்கானது: எதிராளி எந்த நெடுவரிசையில் போட்டாலும் நீ அதற்கு நேர் மேலே போடு. நெடுவரிசையின் உயரம் 6, இரட்டைப்படை. எனவே ஒற்றைப்படை வரிசை எல்லாம் அவருக்கு, இரட்டைப்படை வரிசை எல்லாம் உனக்கு. இதிலிருந்து என்ன கிடைக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

பலகையில் மொத்தம் 69 நால்வரிசைகள்: படுக்கை 24, நெடுக்கு 21, சாய்வு 24. நெடுக்கில் இரட்டைக் கட்டம் வராமல் நான்கு இல்லை, 21ம் அடைபட்டன. சாய்வாக ஏறும்போதும் ஒற்றை, இரட்டை மாறி மாறித்தான் வரும், 24ம் அடைபட்டன. இரட்டை வரிசைப் படுக்கைகள் 12 உன்னுடையவை. ஒரே ஒரு வரி உத்தியில் 57 போய்விட்டது!

மிச்சம் 12, ஒன்று மூன்று ஐந்தாம் வரிசைகளின் படுக்கைகள். உத்தி உடைவதும் அங்கேதான். எதிராளி அடி வரிசையில் அடுத்தடுத்து நான்கு நெடுவரிசைகளில் போட்டுக்கொண்டே போனால், நீ மேலே மேலே போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் நான்கைச் சேர்த்துவிடுவார். ஆகவே கிளெய்ம்ஈவன் மட்டும் வைத்து ஆடினால் தோல்வி நிச்சயம்.

அதனால் இன்னொரு விதி, பேஸ்இன்வர்ஸ். உடனே போடக்கூடிய இரண்டு கட்டங்களை இணைத்து வைத்துக்கொள்: அவர் ஒன்றில் போட்டால் நீ மற்றதில் போடு. இரண்டு கட்டமும் வருகிற எந்த நால்வரிசையும் அவருக்குக் கிடைக்காது. அடி வரிசைக்கு இது பொருத்தமான மருந்து. ஆனால் அந்தக் கட்டம் இருக்கும் நெடுவரிசையில் கிளெய்ம்ஈவனும் வைத்திருந்தால்? அவர் அங்கே போட்டதும் ஒரு விதி "மேலே போடு" என்கிறது, இன்னொன்று "பக்கத்தில் போடு" என்கிறது. உன் கையில் இருப்பது ஒரு முறைதான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு விதியும் சரி, நிரூபணமும் சரி. சேர்த்தால் உடைகிறது.

எந்த விதி எந்த விதியோடு சேரும், எப்போது சேராது என்பதையும் ஆலிஸ் வரையறுத்தார். அவருடைய நிரல் ஒரு நிலையைப் பார்த்து, ஒன்றோடொன்று மோதாத விதிகளாகப் பொறுக்கியெடுத்து, மிச்சமுள்ள அத்தனை நால்வரிசைகளையும் அடைக்க முடியுமா என்று பார்க்கும். முடிந்தால் அந்த நிலைக்குக் கீழே தேடவே வேண்டாம். அவருடைய வேலையின் உயிர் ஒன்பது விதிகளைவிட இந்தப் பொருத்த அட்டவணையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நாற்கோணம்

ஏழாம்கட்டம், மிக்க நன்றி. நான் சொல்ல நினைத்ததை 12 படுக்கைவரிசைகளை வைத்துக் காட்டிவிட்டீர்கள்.

நீங்கள் சொன்ன மோதல் தர்க்கத்தில் அப்படியே வருகிறது. "அ என்ற குழுவால் ப நடக்கும்படி செய்ய முடியும்" என்பதை ⟨அ⟩ப என்று எழுதுவோம். அப்போது

⟨அ⟩ப, ⟨அ⟩ம இரண்டும் உண்மை என்பதிலிருந்து ⟨அ⟩(ப மற்றும் ம) வராது.

ஒரே ஆள், ஒரே கை. கிளெய்ம்ஈவனும் பேஸ்இன்வர்ஸும் மோதியது இதனால்தான். ஆனால் ஆட்கள் வேறு வேறாக இருந்தால் கதையே வேறு:

அ, இ இரண்டு குழுவிலும் பொது ஆள் இல்லையென்றால், ⟨அ⟩ப, ⟨இ⟩ம இரண்டிலிருந்தும் ⟨அ, இ சேர்ந்து⟩(ப மற்றும் ம) வரும்.

அவரவர் உத்தியை அவரவர் ஆடிக்கொண்டே போகலாம், யாரும் யார் கையையும் பிடிப்பதில்லை. மார்க் பாலி 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய கூட்டணித் தர்க்கத்தில் இது ஓர் அடிப்படை விதி.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோஹித் பரிக் 1983ல் ஆட்டத் தர்க்கத்தைக் கொண்டுவந்தார். நிரல்களைப் பற்றிப் பேச ஏற்கெனவே ஒரு தர்க்கம் இருந்தது. நிரல் என்பது ஒரே ஆள் ஆடும் ஆட்டம் என்று பார்த்து, "இப்போது ஆட்கள் இடம் மாறுங்கள்" என்ற ஒரே ஒரு செயற்குறியை அவர் சேர்த்தார். அதில் இரண்டு பேர் ஆட்டம் வந்துவிட்டது. 1997ல் ஆலூர், ஹென்சிங்கர், குப்பர்மன் மூவரும் ஏடிஎல் என்ற தர்க்கத்தை முன்வைத்தார்கள். அதில் "இந்தக் குழுவால் என்றைக்கும் ப கெடாமல் காக்க முடியும்", "என்றாவது ம வரும்படி செய்ய முடியும்" என்றெல்லாம் காலத்தையும் சேர்த்துச் சொல்லலாம். கணினிக்கும் இது இதமானது: ஆட்டத்தின் நிலைகளை முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டால், வாக்கியம் உண்மையா என்று பார்க்க ஆகும் நேரம் அந்த அளவுக்கும் வாக்கிய நீளத்துக்கும் ஏற்பத்தான் வளரும், வெடித்துக் கிளம்பாது.

ஆனால் இவை எல்லாவற்றிலும் உத்தி அந்த ⟨ ⟩ அடைப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 2007ல் சட்டர்ஜி, ஹென்சிங்கர், பிட்டர்மன் மூவரும், பிறகு 2010ல் மொகவேரோ, முரானோ, வார்டி மூவரும்தான் உத்தித் தர்க்கத்தில் அதை வெளியே இழுத்தார்கள். "உண்டு உத்தி ச, எல்லா உத்தி ட-வுக்கும்…" என்று உத்திக்கே ச, ட போன்ற குறியீட்டுப் பெயர் வைத்து எழுதலாம். ஒரே உத்தியை இரண்டு இடத்தில் பயன்படுத்தலாம். "இதிலிருந்து ஒருவர் மட்டும் விலகினால் அவருக்கு லாபமில்லை" என்ற நாஷ் சமநிலையை ஒரு வாக்கியமாக எழுதிவிடலாம். விலையும் உண்டு. வாக்கியத்தில் "உண்டு", "எல்லா" மாறி மாறி வர வர, சோதிக்கும் செலவு எந்த அடுக்குக்குறி வரம்புக்கும் அடங்காமல் ஏறுகிறது. அந்த விலையைக் கொடுத்தாலும் தகும் என்பதே என் நிலைப்பாடு.

சதுரங்கப்பித்தன்

நிம், கனெக்ட் ஃபோர் இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் ஓர் அடிப்படை ஆட்சேபம். நீங்கள் எல்லோரும் உத்தி என்றால் முழு உத்தியைச் சொல்கிறீர்கள், அதாவது எந்த நிலை வந்தாலும் என்ன ஆடுவது என்ற முழு அட்டவணை. மனிதர் யாரும் அப்படி ஆடுவதில்லை. "எதிராளி ராஜா பக்கம் தாக்கினால் நான் நடுவில் திறப்பேன். அவர் அமைதியாக ஆடினால் நானும் காயை வளர்ப்பேன்." எங்களுடைய உத்தி இந்த மாதிரி அரைகுறை வாக்கியங்கள்தான். எதிராளி எப்படிப்பட்டவர் என்ற அனுமானமும் அதற்குள் இருக்கும். இதற்குத் தர்க்கத்தில் இடம் உண்டா?

நாற்கோணம்

உண்டு, அதுவும் சென்னையிலேயே. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் ரா. ராமானுஜமும் சுனில் சைமனும் 2000களின் பிற்பகுதியில் செய்த வேலை நீங்கள் கேட்டதைத்தான் கையில் எடுத்தது. (தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழியாகப் பலருக்கும் தெரிந்த அதே ராமானுஜம்தான்.)

அவர்களுடைய மொழியில் மிகச் சிறிய உத்தி, "ப உண்மையாக இருக்கும்போது க என்ற நகர்வை ஆடு" என்பது. ப பொய்யாக இருக்கும் இடத்தில் அது எதுவுமே சொல்வதில்லை, என்ன வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளலாம். இவற்றை "இது அல்லது அது" என்றும் "இதுவும் அதுவும்" என்றும் சேர்க்கலாம். அப்புறம் முக்கியமான ஒன்று:

எதிராளி இதுவரை ஆடியதெல்லாம் ட என்ற உத்திக்குப் பொருந்தினால், நான் ச-வைப் பின்பற்றுவேன்.

"அவர் அமைதியாக ஆடினால் நானும் காயை வளர்ப்பேன்" என்று நீங்கள் எழுதிய வாக்கியம் அப்படியே இதற்குள் உட்கார்ந்துகொள்ளும். எதிராளியைப் பற்றிய அனுமானம் உத்தியின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. இதற்கு மேல் "ச-வைப் பின்பற்றினால் ஆட்டக்காரர் ம என்பதை உறுதி செய்யலாம்" என்ற வாக்கியங்களை எழுதி, அவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றை வருவிக்கும் விதிகளையும் தந்திருக்கிறார்கள். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உள்ள சுஜாதா கோஷும் இந்த வழியில் நிறையச் செய்திருக்கிறார். மனிதர்கள் எப்படி யோசித்து ஆடுகிறார்கள் என்பதை இப்படிப்பட்ட வாக்கியங்களாக எழுதி, அதிலிருந்து அறிதிறன் மாதிரி உருவாக்குவது வரை அந்த வேலை போகிறது.

எனக்கு இந்த வேலை மேல் தனிப் பிரியம் உண்டு. முழு அட்டவணை யாரிடமும் இல்லாத உலகத்தில் ஆட்டக்காரர் வாயிலிருந்து வருகிற வாக்கியத்துக்கு மிக நெருக்கமாக நிற்கிற தர்க்கம் இது.

சதுரங்கப்பித்தன்

தரமணியில் நடந்தது என்பது எனக்குப் புதிய செய்தி. "இதுவரை ஆடியதெல்லாம் பொருந்தினால்" என்ற பகுதி பிடித்திருக்கிறது. நிஜ ஆட்டத்திலும் ஒரே ஒரு பொருந்தாத நகர்வு போதும், அனுமானத்தைத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

இரவுப்பறவை

நான் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுபவன். இதுவரை எல்லோரும் பலகை ஆட்டத்தையே பேசுகிறீர்கள். சீட்டில் நிலைமை வேறு, தர்க்கமும் அங்கே வேறு மாதிரி தடுமாறுகிறது.

ஒரு ஜாதியில் (ஸ்பேட், ஹார்ட் போன்ற சீட்டு வகை) உங்கள் கையில் ஏஸ், ஜாக், 10. எதிரே மேசையில் விரித்த கூட்டாளியின் கையில் (அதையும் நீங்களே ஆடுகிறீர்கள்) ராஜா, 9, 8. ராணி இரண்டு எதிராளிகளில் யாரோ ஒருவரிடம். இடப்பக்கத்தவரிடம் இருந்தால் ஜாக்கை இறக்கி அவரைத் தாண்டவிட வேண்டும். வலப்பக்கத்தவரிடம் இருந்தால் மேசையிலிருந்து 9ஐ இறக்கி எதிர்த் திசையில் ஓடவிட வேண்டும். சரியான பக்கம் ஊகித்தால் மூன்று பிடியும், அதாவது மூன்று சுற்றும், உங்களுக்கு. தவறினால் ராணி ஒரு பிடி எடுத்துவிடும்.

பல பிரிட்ஜ் நிரல்கள் மறைந்த சீட்டுகளைப் பலவிதமாகப் பங்கிட்டுப் பார்த்து, ஒவ்வொரு பங்கீட்டையும் எல்லாச் சீட்டும் தெரிந்ததுபோலத் தீர்க்கும். ராணி இடப்பக்கம் உள்ள பங்கீட்டில் "மூன்று பிடி". வலப்பக்கம் உள்ள பங்கீட்டிலும் "மூன்று பிடி". ஆகவே எப்போதும் மூன்று பிடி என்று முடிவுகட்டிவிடும்! வேறு தகவல் எதுவும் இல்லாதபோது நிஜத்தில் அது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஒவ்வொரு உலகத்திலும், அதாவது ஒவ்வொரு பங்கீட்டிலும், ஒரு வெற்றி உத்தி இருக்கிறது. ஆனால் உலகத்துக்கு உலகம் அது வேறு. எந்த உலகத்தில் இருக்கிறோம் என்று தெரியாத ஆள் அவற்றை ஒன்றாக ஒட்டி ஆட முடியாது. இயன் ஃபிராங்கும் டேவிட் பேசினும் 1998ல் இந்தக் கோளாறை விரிவாக ஆராய்ந்தார்கள்.

நாற்கோணம், உங்கள் ஏடிஎல் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்குமா?

நாற்கோணம்

முதலில் வந்த வடிவத்தில் பிரிக்காது. உங்கள் உதாரணம் அந்த இடத்தைத்தான் தொடுகிறது. இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்து வைக்கிறேன்:

(1) எல்லா உலகம் உ-வுக்கும், உண்டு உத்தி ச: உ-வில் ச ஜெயிக்கும்.
(2) உண்டு உத்தி ச, எல்லா உலகம் உ-வுக்கும்: உ-வில் ச ஜெயிக்கும்.

இங்கே உலகம் என்றால் எனக்குத் தெரிந்தவரை சாத்தியமானவை எல்லாம். (1) உண்மையென்றால் எனக்கு வெற்றி வழி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். (2) உண்மையென்றால் அந்த வழி எது என்றே எனக்குத் தெரியும். நிரல் (1)ஐக் கணக்குப் போட்டு (2) என்று சொல்லிவிடுகிறது. "உண்டு"வும் "எல்லா"வும் இடம் மாறியதுதான் வித்தியாசம், ஒரு பிடி அதில் போகிறது.

நாலு இலக்கப் பூட்டு போட்ட பெட்டி ஒன்று, ஒரே ஒரு முயற்சி என்று வைத்துக்கொண்டாலும் இதேதான். 10,000 எண்களில் ஒன்று திறக்கும். "இவரால் திறக்க முடியும்" என்று பழைய ஏடிஎல் சொல்லும், ஏனென்றால் திறக்கிற நகர்வு ஒன்று உண்டு. இவருக்கு எண் தெரியாது என்பது அதன் கண்ணில் படாது.

இதைச் சரிசெய்ய அறிவுத் தர்க்கத்தை, அதாவது ஹின்டிக்கா 1962ல் வகுத்த "இன்னாருக்கு இது தெரியும்" என்ற செயற்குறியை, உத்தித் தர்க்கங்களோடு சேர்த்தார்கள். என்னால் வேறுபடுத்த முடியாத நிலைகளில் நான் ஒரே மாதிரிதான் ஆட வேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்தது. ஆனால் பல ஆட்கள், ஆளுக்கு ஒரு பகுதிதான் தெரியும், பார்த்ததை எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு ஆடலாம் என்று மூன்றையும் சேர்த்தால், வாக்கியம் உண்மையா பொய்யா என்று எப்போதும் சரியாகச் சொல்லும் நிரலே எழுத முடியாது. வேகம் குறைவு என்ற பேச்சில்லை, அப்படி ஒரு நிரல் இருக்கவே முடியாது. நினைவை அளவோடு கட்டுப்படுத்தினால்தான் கைக்கு அடங்கும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான எம்சிமாஸ் போன்ற சோதனைக் கருவிகள் அப்படிப்பட்ட கட்டுப்பாடுகளோடுதான் வேலை செய்கின்றன.

இரவுப்பறவை

(1), (2) என்று பார்த்ததும் தெளிவாகிவிட்டது. எங்கள் மேசையில் "ராணி எந்தப் பக்கம் இருந்தாலும் செல்லுபடியாகிற ஆட்டம் ஏதாவது இருக்கா?" என்று முதலில் தேடச் சொல்லித்தான் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். எதிராளியையே அந்த ஜாதியை இறக்கும்படி மாட்டிவிட முடிந்தால் ஊகமே வேண்டாம். அது (2)ஐத் தேடுவது.

கல்லூரிப்பொடி

வணக்கம் அண்ணா, அக்கா. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. இழையை முழுசாகப் படித்தேன். ஆடுபுலி ஆட்டத்தை இப்படித் தர்க்கத்தில் எழுதி ஒரு புராஜெக்ட் செய்யலாமா? எங்கே ஆரம்பிப்பது? 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஆட்டம் முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்றுதான் புரியவில்லை.

மென்பொருள்காரி

தாராளமாகச் செய்யலாம் தம்பி. ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ஜெனசெரத் குழு 2005 வாக்கில் ஜிடிஎல் என்ற ஆட்ட விவரண மொழியை உருவாக்கியது. எந்த ஆட்டத்தின் விதியைக் கொடுத்தாலும் படித்துப் புரிந்துகொண்டு ஆடும் நிரல்களுக்குப் போட்டி வைப்பதற்காக வந்தது. முழுக்க முழுக்கத் தர்க்க வாக்கியங்கள்தான், தர்க்க வாக்கியங்களால் நிரல் எழுதும் புரோலாக் மொழி தெரிந்தால் ஒரே நாளில் பிடிபடும். யார் ஆடுகிறார்கள், தொடக்கத்தில் எது உண்மை, எந்த நகர்வு செல்லும், நகர்ந்தபின் எது உண்மை, எப்போது முடிகிறது, யாருக்கு எவ்வளவு புள்ளி என்று எழுதினால் ஆட்டம் முழுவதும் வந்துவிடும்.

முதல் வேலையாக 23 புள்ளிகளுக்கும் எண் கொடு. "3ம் 7ம் பக்கத்தில்", "3, 7, 12 ஒரே கோட்டில்" என்று இரண்டு பட்டியல் எழுது. புலி வெட்டுவது இரண்டாவது பட்டியலில் இருந்து வரும்: புலி 3ல், ஆடு 7ல், 12 காலி என்றால் 3லிருந்து 12க்குத் தாவலாம், அடுத்த நிலையில் 7 காலி. நகராத காய்கள் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதையும் எழுத மறக்காதே, எழுதாவிட்டால் அடுத்த நிலையில் பலகையே காலியாகிவிடும்.

எத்தனை ஆட்டை வெட்டினால் புலி ஜெயித்தது என்பது ஊருக்கு ஊர் மாறும். நீ ஒன்றை முடிவுசெய்து எழுதிவிடு. விதி மாறினால் விடையும் மாறக்கூடும், அதையே ஒப்பிட்டுப் பார்த்தால் புராஜெக்ட்டுக்கு நல்ல பகுதி.

சுற்றிக்கொண்டே இருப்பது பற்றி: ஜிடிஎல்லில் ஆட்டம் முடிந்தே ஆக வேண்டும். நகர்வு எண்ணிக்கை ஒன்றை வைத்து, இத்தனைக்கு மேல் போனால் டிரா என்று எழுதிவிடுவார்கள்.

நாற்கோணம்

ஒரு சின்னச் சேர்க்கை. எண்ணிக்கை வைப்பது நடைமுறைக்குச் சரி. ஆனால் தம்பி, முடியாமல் போகிற ஆட்டத்தைத் தர்க்கத்தில் நேரடியாகவே பேசலாம், எனக்கு அந்த வழிதான் பிடிக்கும். "புலிகளால் என்றாவது இத்தனையாவது ஆட்டை வெட்ட முடியும்" என்பது ஒரு வாக்கியம். "ஆடுகளால் என்றாவது மூன்று புலியையும் நகரவிடாமல் கட்ட முடியும்" என்பது இன்னொன்று. இரண்டும் பொய்யாகவும் இருக்கலாம். அப்போது இருவராலும் ஆட்டத்தை முடிவில்லாமல் இழுக்க முடியும். மூன்றில் எது என்பதைக் கணினியில் கண்டுபிடிக்கலாம்.

அளவும் அடங்கும். புலிகள் நிற்கும் இடங்கள் 1,771 விதம். மீதி 20 புள்ளிகளில் ஒவ்வொன்றிலும் ஆடு உண்டு அல்லது இல்லை என்றால் 10,48,576. பெருக்கினால் 186 கோடிக்குள். கையில் மிச்சமுள்ள ஆடு, யார் முறை இரண்டையும் சேர்த்தாலும் 6,000 கோடியைத் தாண்டாது, நடக்கவே முடியாத நிலைகளைக் கழித்தால் இன்னும் குறையும். 2007ல் ஜொனாதன் ஷேஃபர் குழு "இருவரும் சரியாக ஆடினால் டிரா" என்று முடித்த செக்கர்ஸில் நிலைகள் 5க்குப் பின் 20 பூஜ்யம். அதோடு ஒப்பிட்டால் இது கைக்கு அடக்கம்.

முடிந்துபோன நிலைகளில் தொடங்கி பின்னோக்கி வா. புலி ஜெயித்த நிலைகளைக் குறி. பிறகு, புலி முறையாக இருந்து, குறித்த நிலைக்குப் போகும் நகர்வு ஒன்றாவது இருந்தால் அதையும் குறி. ஆட்டின் முறையாக இருந்து, எல்லா நகர்வும் குறித்த நிலைக்கே போனால் அதையும் குறி. புதிதாகக் குறிக்க எதுவும் இல்லாதபோது நிறுத்து. புலி முறை நிலையைக் குறிக்கும்போதெல்லாம் எந்த நகர்வால் குறித்தாய் என்பதையும் கூடவே எழுதி வை. அந்தப் பட்டியல்தான் உத்தி.

கல்லூரிப்பொடி

புரிந்தது அண்ணா. புலி முறையில் "ஒன்றாவது", ஆட்டின் முறையில் "எல்லாம்". ஆடுகளின் வெற்றிக்கும் இதையே முறையை மாற்றிப் போட்டால் போதும் இல்லையா?

நாற்கோணம்

போதும். தொடக்க நிலை இரண்டு ஓட்டத்திலும் குறிபடாமல் நின்றால் டிரா. புள்ளிகளுக்கு எண் போட்ட படத்தை இங்கே போடு, கோடுகள் சரிதானா என்று மென்பொருள்காரியும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.

ஏழாம்கட்டம்

பட்டியல் வந்ததும் எனக்கும் அனுப்பு தம்பி. ஆடுகள் பக்கம் கிளெய்ம்ஈவன் மாதிரி ஒரு வரி விதி ஏதாவது அதற்குள் இருக்கிறதா என்று தேட வேண்டும். உதாரணமாக, "ஓரப் புள்ளிகள் நிரம்பும்வரை உள்ளே வைக்காதே" என்பது எத்தனை நிலைகளில் செல்லும் என்று உன் பட்டியலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.